அக்காவின் ரினிவல் அட்டை

போன வாரம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். எண்பதை எட்டப்போகிற ஆளுக்கு இன்னும் என்ன வண்டி என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஐயா, டேட்டு முடிஞ்சு வருசத்துக்கு மேல ஆயிருச்சுங்களே. இனி ரினிவல் ஆகாதுங்க. புதுசாத்தான் போடோணும்" என்றாள். நல்ல பெண். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பக்கத்து மேசையில் யாரோ ஸ்டாம்பு பேடைத் திறந்து வைத்திருந்தார்கள். எத்தனை கணினி வந்தாலும் அந்த ஊதா மையை மட்டும் அரசாங்கம் கைவிடவில்லை. அந்த வாக்கியமும் அந்த மையின் வாசனையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததில் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஸ்கூட்டர் போய்விட்டதே என்று கிழவர் கலங்குகிறார் என நினைத்திருப்பாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

இதே வாக்கியத்தை நான் முதலில் கேட்டது கோயமுத்தூரில், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஜன்னலுக்கு முன்னால். அறுபதுகளின் நடுப்பகுதி. அதைச் சொன்னவருக்கு வருத்தமெல்லாம் இல்லை. சொல்லப்பட்டது எனக்கும் அல்ல, என் அக்காவுக்கு.

நேராக அங்கே போய்விட எனக்குத் தைரியமில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அக்காவும் அப்போது கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வருகிற தூரத்தில், காதர்பேட்டைக்கு அருகில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தோம். அவள் மடிப்பு மேசையில், நான் பில் எழுதும் இடத்தில். முதலாளி ஒரு ராவுத்தர். வெற்றிலை போடமாட்டார், காப்பி குடிக்கமாட்டார், அவருக்கிருந்த ஒரே பழக்கம் 'ரினிவல்' என்ற சொல். பவர் லைசென்சு ரினிவல், நூல் பெர்மிட் ரினிவல் என்று வருஷம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் அந்தச் சொல் அவர் நாக்கிலேயே தங்கிவிட்டது. என் தலைமுடியைப் பார்த்து, "ஏன் தம்பி, தலையெ ரினிவல் பண்ணீட்டு வந்தா என்ன?" என்பார். கம்பெனியில் கோபித்துக்கொண்டு பேசாமலிருந்த இரண்டு டெய்லர்கள் சமாதானமானால், "ரெண்டு பேரும் ரினிவல் ஆயிட்டாங்களாட்ட இருக்குது" என்பார். நாங்கள் சிரிப்போம். சிரிக்காத ஒரே ஆள் அக்கா. அவளுக்கு அந்தச் சொல் விளையாட்டு இல்லை.

அக்கா பெயர் தெய்வானை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த முதல் பெண் அவள்தான். பயிற்சி முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். அப்பா போனபின் வீட்டில் அம்மாவின் மூச்சிழுப்பும் எங்கள் இருவர் சம்பளமும்தான். வாத்தியார் வேலை வரும்வரை என்று சொல்லித்தான் மடிப்பு மேசைக்கு வந்தாள். வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற தடித்த காகிதம். மேலே பெயர், பதிவு எண், படிப்பு. கீழே வரிசையாகக் கட்டங்கள். பதிந்த அதே மாதத்தில் வருஷா வருஷம் போய் நிற்கவேண்டும். குமாஸ்தா ஒரு கட்டத்தில் தேதி முத்திரை குத்தி, பக்கத்தில் ஒரு கிறுக்கல் போடுவார். அதற்குப் பெயர்தான் ரினிவல். தவறவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். புதிதாகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும். ஏழு வருஷம் காத்திருந்ததும் நேற்றுப் பதிந்ததும் ஒன்றாகிவிடும். புதுத்துணி, புதுநெல், புதுப்பெண் என்று புதிது என்றாலே நல்லது என நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஆபீஸில் மட்டும் 'புதுசு' என்பது ஒரு தண்டனை.

இந்த வித்தியாசமெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மடிப்பு மேசைப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுப்பாள். கட்டிங் வேஸ்டுத் துணித்துண்டில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவாள். பேச்சு எங்கெங்கோ போகும். ஒருநாள் பாத்திமா என்கிற பெண், மேடைகளில் எல்லோரும் மறுமலர்ச்சி, மறுமலர்ச்சி என்கிறார்களே, அது என்ன என்று கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "துளிர்க்கறது, தழையறது, பொழைக்கறது எல்லாம் தானா நடக்கும் புள்ள. மலர்றதும் அப்பிடித்தான். புதுப்பிக்கறதுன்னு ஒண்ணு இருக்குது பாரு, அதெ இன்னொருத்தரு செய்யோணும். நாம கையெ நீட்டீட்டு நிக்கோணும்" என்றாள். பில் புத்தகத்தோடு போய்க்கொண்டிருந்த நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனேன். வாத்தியாரம்மா என்று கேலிகூடச் செய்தேன்.

அவளுடைய ரினிவல் மாதம் அக்டோபர். எங்கள் தொழிலில் அதைவிடக் கெட்ட மாதம் கிடையாது. தீபாவளிச் சரக்கு போகிற நேரம். மற்ற வருஷங்களில் எப்படியோ கெஞ்சி ஒருநாள் லீவு வாங்கிப் போய்விடுவாள். அந்த வருஷம் மடிப்பு மேசையில் இரண்டு பெண்கள் அம்மை கண்டு படுத்துவிட்டார்கள். மாதத்தின் கடைசி நாள்வரை லீவு கிடைக்கவில்லை. அந்தக் கடைசி நாளில் ராவுத்தர் என்னைக் கோயமுத்தூரில் ஒரு கடைக்குச் சாம்பிள் கட்டோடு அனுப்பினார். அக்கா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அட்டையை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நேரா ஆபீசுக்குப் போயிரு கண்ணு. அப்பறம் கடைக்குப் போய்க்கலாம்" என்றாள். "சரிக்கா, எத்தனெ தடவெ சொல்லுவெ?" என்று சலித்துக்கொண்டேன்.

நான் முதலில் கடைக்குத்தான் போனேன். கட்டு கனத்தது, அது ஒரு காரணம். கடைக்கு எதிரே ஒரு தியேட்டர். எனக்குப் பத்து வயதில் பாதி பார்த்துத் தூங்கிப்போன படம் ஒன்று மறுபடி வந்திருந்தது. சுவரொட்டியில் குறுக்காகப் பட்டை போட்டு, 'புத்தம் புதிய காப்பி' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பழைய படம் வந்தாலும் அப்படித்தான் போடுவார்கள், நம்பிக்கொண்டு போய் உட்கார்ந்தால் திரை முழுக்கக் கீறல் மழை பெய்யும். மேட்னி பார்த்துவிட்டுப் போனாலும் ஆபீஸ் ஐந்து மணிவரை இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆபீஸ் ஐந்து மணிவரை இருந்தது. ரினிவல் ஜன்னல் மூன்று மணிக்கே மூடியிருந்தது. மூடிய பலகையைத் தட்டினேன். வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்தவர், "நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கு நவம்பர்.

அங்கேயே உள்ளே போய் யாரையாவது பார்த்திருக்கலாம். வீட்டுக்கு வந்து அக்காவின் காலில் விழுந்திருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, செய்யவில்லை. வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆச்சா கண்ணு?" என்றாள். "ஆச்சுக்கா" என்றேன். அட்டையை நீட்டச் சொல்லாமலே உள்ளே போய்ச் சோறு போட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் கம்பெனிக்குப் போனேன். என் மேசையில் லாரி ரசீதுகளுக்குத் தேதி குத்துகிற முத்திரை ஒன்று உண்டு. சக்கரத்தை ஒரு நாள் பின்னால் திருப்பினேன். ஸ்டாம்பு பேடு வறண்டு கிடந்தது. பக்கத்து அறையில், பனியனின் கழுத்துக்கு உட்புறம் மார்க்கும் சைஸும் குத்துகிற மை, கிண்ணத்தில் இருந்தது. அதுவும் ஊதாதான். அதில் தோய்த்து, எட்டாவது கட்டத்தில் நேராகக் குத்தினேன். முந்தைய கிறுக்கலைப் பார்த்து ஒரு கிறுக்கலும் போட்டேன். நிஜத்தைவிட அழகாகவே வந்தது. சாயங்காலம் வீட்டில் அக்கா விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து, விரலால் ஒருமுறை தடவி, முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் வைத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மனுஷன் எதையும் செரித்துவிடுவான்.

அடுத்த வருஷம் நானே முந்திக்கொண்டு போய் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். அதுவரை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடு பயிற்சிப் பள்ளியில் படித்த ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவள் அக்காவுக்கு மூன்று மாதம் பின்னால் பதிந்தவள். அவளுக்கு இன்டர்வியூ கார்டு வந்து, பல்லடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. "உனக்கு இன்னும் வரலியா தெய்வானெ?" என்று கேட்டபோது அவளுக்கே சங்கடமாகிவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாள். அவள் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் கட்டங்களை எண்ணினாள். "எல்லாஞ் செரியாத்தானே இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பின்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாளே கோயமுத்தூர் போவது என்று முடிவாயிற்று. துணைக்கு நான். ரயிலில் அவள் ஜன்னலோரம், நான் எதிரே. வஞ்சிபாளையம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வஞ்சிபாளையம் வந்தது, சோமனூரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சோமனூரில் கைத்தறித் துணி மூட்டைகளோடு நிறையப் பேர் ஏறினார்கள், அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? இருகூரில் வண்டி வெகுநேரம் நின்றது. மூட்டைக்காரர்கள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றதில் பெட்டியில் கூட்டமே இல்லை. அக்காவே என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது, பசிக்குதா?" என்றாள். இரண்டு நிமிஷம் போதும், அங்கே சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றேன். முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தெற்கத்திக்காரர். பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒம் பேரு போன டிசம்பர் கடைசியிலயே அடிச்சாச்சும்மா. ரினிவல் பண்ணலயே" என்றார். அக்கா பதறவில்லை. "பண்ணியிருக்குதுங்க சார், பாருங்க" என்று அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஏழாவது கட்டத்தின் முத்திரையைத் தேய்த்தார். ஊதா கரைந்து விரலில் ஒட்டியது. எட்டாவதைத் தேய்த்தார். கரையவில்லை. அழுத்தித் தேய்த்தார். காகிதம்தான் நைந்தது. "எல்லாச் சீலும் கரையுது, இது மட்டும் கரையலயே. இது யாரு போட்டது?" என்றார்.

வெளுத்தாலும் துவைத்தாலும் போகாத மை இந்த உலகத்தில் எதற்கு வேண்டும்? பனியனுக்குத்தான் வேண்டும். நாளெல்லாம் அந்த ஊதாவை மேலே வருமாறு மடித்து அடுக்குகிறவள் அக்கா. அவள் விரல் நுனிகளில் அது எப்போதும் இருக்கும். அவள் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏதோ ஒரு கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டிருப்பவளைப் போலப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, "நானேதானுங்க போட்டேன்" என்றாள்.

அதன் பிறகு அவர் பேசியதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. வாத்தியாராகப் போகிறவள் கள்ள முத்திரை குத்துவாளா என்றார். போலீஸ் என்றார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவளுக்கு ஓர் அடி தள்ளி நின்றிருந்தேன். அந்த ஓர் அடியை நான் நகரவில்லை. கடைசியில், பெண் பிள்ளை என்று விடுகிறேன் என்று சொல்லி அட்டையை உள்ளே போட்டுக்கொண்டார். "இனி ரினிவல் ஆகாதும்மா. புதுசாத்தான் பதியணும்" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "தேதி தப்பிருச்சு சார்னு வந்து சொல்லியிருந்தா ரெண்டு மாசம் தவணை உண்டே. சும்மாவே போட்டுக் கொடுத்திருப்பமே" என்றார்.

இரண்டு மாதம். நவம்பர் முழுக்க, டிசம்பர் முழுக்க நான் வாயைத் திறந்திருந்தால் போதும். இன்றைக்கும் சில விடியற்காலைகளில் விழிப்பு வந்தால் அந்த அறுபது சொச்சம் நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். என்ன செய்துகொண்டிருந்தேன் அந்த நாட்களில்? தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டேன். நொய்யலில் தண்ணீர் போனதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"புதுசாப் பதிஞ்சா எத்தனெ வருசம் ஆகுமுங்க?" என்று அக்கா கேட்டாள். மொதல்ல இருந்துதான் என்றார் அவர். அவளுக்கு அப்போது இருபத்தேழு. முப்பது தாண்டினால் அரசு வேலைக்கு எடுக்கமாட்டார்கள். கணக்கு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதியாமல் திரும்பினோம். ரயிலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அம்மாகிட்ட இந்த வருசம் போஸ்டு இல்லியாமான்னு சொல்லிக்கலாம்."

வேலை வந்தபின் கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்த முத்தூர் மாப்பிள்ளை வீட்டாரும் ஆடிவரை பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மடிப்பு மேசைக்குப் போனாள். மத்தியான வகுப்பு மட்டும் நின்றுவிட்டது. பாத்திமா வந்து கூப்பிட்டாள், ஏன் என்று என்னிடம்கூடக் கேட்டாள். தலைவலியாம் என்றேன். அப்போதும் பொய்தான் சொல்லியிருக்கிறேன், இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

இதற்கிடையில், அதே வருஷம் வைகாசியில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி கோயமுத்தூர் போனாள். அதே ஆபீஸ். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. இருந்தது. என்னைப் பதியவைத்தாள். அடுத்த வருஷம் ரினிவல் மாதம் வந்ததும் என் அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி, அவளே லீவு போட்டுக்கொண்டு போனாள். நான் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "உனக்கு வேல கெடக்குது, நான் போய்ட்டு வந்தர்றேன்" என்றாள். உன்னை நம்பமுடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னதில்லை. ஜன்னலில் அதே குமாஸ்தாதான் இருந்தார். தன்னைக் கள்ளி என்று ஊர் கேட்கக் கத்திய மனுஷனிடம் தம்பியின் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏதாவது சொன்னானா அக்கா என்று கேட்டேன். "அவன் வேலையெ அவன் பாக்கறான்" என்றாள். ஐந்து வருஷம், ஐந்து முறை போனாள். மாதத்தின் முதல் தேதியிலேயே போய்விடுவாள்.

ஆறாவது வருஷம் எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. இளநிலை எழுத்தர். அந்தச் சம்பளத்தில் அம்மாவுக்கு வைத்தியம் நடந்தது, எனக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். இன்றைக்கு நான் வாங்குகிற பென்ஷனும் அதுதான். உத்தரவு வந்த அன்று, சொல்லியே தீரவேண்டும் என்று அவள் முன்னால் போய் நின்றேன். "அக்கா, அந்த முத்திரெ..." என்று ஆரம்பித்தேன். அவள் உத்தரவைப் படித்து முடித்து, காகிதத்தை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். "போஸ்டிங் தாராபுரமாமா? பஸ்ஸு வசதியிருக்குது, பரவால்ல. சட்டையெ மாத்தீட்டு வா, கோயிலுக்குப் போலாம்" என்றாள்.

போனோம்.

ராவுத்தர் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கடைகள். அட்டை இல்லை, ஜன்னல் இல்லை, வரிசை இல்லை. எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறதாம், பேத்தி சொன்னாள். அக்கா அறுபத்தொரு வயதுவரை ஏதோ ஒரு கம்பெனியில் மடித்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பேச நேரம் எவ்வளவோ இருந்தது. மழை பெய்ததா, பேரன் எந்த வகுப்பு, சாத்துக்குடி என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் போனபிறகு ரேஷன் கார்டில் பெயரை எடுக்க நானே போய் வரிசையில் நின்றேன். என்ன உறவு என்று கேட்டார்கள். தம்பி என்றேன்.